பெயர் அழிந்த பத்துச் சால்மன்கள்

"…சாமி கும்பிட்டதைப் பிழையெண்டு நான் சொல்லேல்லை அண்ணை. பொட்டை ஏன் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சனியள்?"

தங்கச்சியின் கையில் பத்துச் சின்னக் குப்பிகள். ஒன்றிலும் எழுத்தில்லை.

சொந்தத் தங்கச்சி இல்லை. ஊரில் விலங்கியல் படிப்பித்தவள். தொண்ணூறுகளில் லண்டனில் ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலை. நான் நகரின் கிழக்கே ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். சால்மன் மீன் பிறந்த ஆற்றுக்கே திரும்பிப் போய் முட்டையிடுமாம். அதனால் ஆற்றுக்கு ஆறு ஒரு சொந்தக்காரர் கூட்டம். மீனின் செட்டைத் துடுப்பில் துளி நறுக்கி எடுத்து, குப்பியில் ஸ்பிரிட்டுக்குள் போட்டு வைத்து, டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்து, எந்த ஆற்று மீன் என்று சொல்ல ஏலுமா என்பதுதான் ஆராய்ச்சி. "கதைக்கிற விதத்தை வைச்சு ஆள் எந்த ஊரெண்டு பிடிக்கிறமெல்லே, அதுமாதிரி" என்பாள்.

அன்று ஆயுதபூசை. தொழில் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எனக்குக் கை வராது. காலையில் முதல் ஆளாக வந்து, மெஷினுக்கும் குப்பிகளுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிட்டேன். பேராசிரியர் கண்டால் என்ன நினைப்பாரோ என்று உடனேயே துடைத்தும் விட்டேன். சந்தனத்தோடு, பேனாவால் எழுதியிருந்த ஆற்றுப் பெயர்களும் போய்விட்டன.

அவளை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று பேராசிரியர் முடிவு சொல்லவிருந்த கிழமை அது.

"நான்தான் செய்தனான் எண்டு போய்ச் சொல்லுறன்."

"வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம்."

பேராசிரியரிடம் சந்தனம் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. அவள் விடவில்லை. எந்தக் குப்பி எது என்று தெரியாவிட்டாலும், ஏழு ஓர் ஆற்றிலிருந்தும் மூன்று மற்றதிலிருந்தும் வந்தவை என்று கொப்பியில் இருக்கிறது. தெரியாத மீன்களாகவே சோதிப்போம், எங்கள் அடையாளங்கள் சரியென்றால் அந்தக் கணக்கு வரவேண்டும் என்றாள். செய்து பார் என்றார்.

நாலு நாள் பொட்டில்லாமலேயே கும்பிட்டேன்.

மெஷினிலிருந்து டிஎன்ஏ படம் வந்தது. மூன்று தெளிவாக ஒரு பக்கம், ஆறு தெளிவாக மறுபக்கம். ஒன்று இரண்டுக்கும் நடுவில்.

"இவர் ஆர்?" என்று நடுவில் நின்றதைக் காட்டிக் கேட்டேன்.

"வேறை ஆத்திலை சம்பந்தம் செய்த வீட்டுப் பிள்ளையாக்கும்."

"சேர்த்து ஏழெண்டு எழுதிவிடு தங்கச்சி. ஆர் கேக்கப்போயினம்?"

"மீன் சொல்லாததை நான் எப்பிடி அண்ணை சொல்லுறது?"

'தெரியாது' என்று எழுதிக் கொண்டுபோனாள். பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்தாராம். பிறகு, நீ இங்கேயே நிரந்தரமாக இரு என்றாராம்.

வந்து இதைச் சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பிரிட்டுக்கு அழியாத பென்சில் ஒன்றைச் சீவி, துண்டுக் கடதாசிகளில் பெயர் எழுதிப் புதுக் குப்பிகளுக்குள் ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினாள்.