தயங்கி நின்ற குதிரைக்குட்டி

வியாழக்கிழமை காலை. சரவணம்பட்டி ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரைக்கூட இன்னும் போடவில்லை, மும்தாஜ் அக்காவின் கணவர் அழைத்தார். "மும்தாஜ் மௌத்தாயிட்டா அம்மணி. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கத்துக்கு எடுக்கறோமுங்க." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பாதிப் படத்தில் விட்டுவிட்டுப் போக உங்களுக்கு எப்படி அக்கா மனசு வந்தது?

அவரோடு அனிமேஷன் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அந்தப் படம் தெரியும். வழிதவறிய குதிரைக்குட்டி நெடுநாள் கழித்துத் தாயிடம் திரும்பும் பழைய சிறுவர் கதை. அதற்குள் தாய் நோயில் எலும்பும் தோலுமாகியிருக்கும். எதை வரையும் முன்பும் அக்கா அதை நடித்துப் பார்ப்பார். ஒருநாள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் நாலு காலில் போய்க்கொண்டிருந்தபோது தயாரிப்பாளர் உள்ளே வந்துவிட்டார். "ஏனுங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அம்மாவைத் தேடிட்டிருக்கேன்" என்றார் அக்கா. அந்த மனிதரும் நிஜமாகவே ஓரமாக நின்றார்.

அந்தியூர் குதிரைச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் பிரிந்த குட்டி ஒன்று தாயைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளவில்லை. தயங்கி நின்று, முகர்ந்து பார்த்த பிறகே நெருங்கியது. ஊர் திரும்பியதும், படத்தில் குட்டி தாயிடம் சேரும் காட்சியையே அக்கா அப்படித் தயங்கி நிற்கும்படி மாற்றிவிட்டார். குட்டி ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும், இவ்வளவு நேரம் நின்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள் என்றார் தயாரிப்பாளர். "நானும் அப்படித்தானுங்க நினைச்சேன். குட்டி அப்படி நினைக்கலீங்களே" என்றார் அக்கா.

பிறகு அக்காவுக்கே நோய் வந்தது. முடியெல்லாம் கொட்டி, முகம் கறுத்து, ஆளே மாறிப்போனார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆயிஷாவை மருத்துவமனைக்கு முதன்முதலாக அழைத்து வந்த அன்று நானும் இருந்தேன். பிள்ளை கதவருகிலேயே நின்றுவிட்டாள். "அம்மாதான், போ" என்று அவள் அத்தா, அக்காவின் கணவர், அவள் முதுகில் கை வைத்தார். "தள்ளாதீங்க, அவளா வரட்டும்" என்றார் அக்கா. வராமலே போய்விடுவாளோ என்று பயந்தேன். மெல்ல மெல்ல வந்தாள். கட்டிலில் ஏறி, அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்து அப்படியே படுத்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் நின்னான்னு பாத்துக்கிட்டியா கண்ணு?" என்று அக்கா என்னிடம் கேட்டார். கேட்கும்போதே அழுதார், சிரிக்கவும் செய்தார்.

குட்டி தாயிடம் சேரும் அந்தக் காட்சியை இப்போது நான்தான் செய்கிறேன். பாதியாகக் குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரிடமிருந்து நேற்றும் பேச்சு வந்தது. முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும். அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஆயிஷா தியேட்டரில் வந்து உட்காரும்போது, அவள் தயங்கி நின்று தன் அம்மாவை நெருங்கிய நேரம் அங்கே முழுசாக இருக்க வேண்டும்.