மதாம்மாவிடம் ஜெர்மன் படித்தேன்

மதாம்மாவின் மேசைமேல் ஒரு கருங்காலி அடிக்கோல் கிடக்கும். ஜெர்மன் சொல்லுக்கு நான் தவறான பால் சேர்த்துவிட்டால் அது என் விரல்களுக்கு அருகே 'டப்' என்று விழும். ஒருமுறைகூட விரலில் பட்டதில்லை. படாமல் அடிப்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அவளை 'அவர்' என்று எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

இரணியலுக்கு மேற்கே கடற்கரையில் கருமணல் வாங்கிக் கப்பலேற்றிய ஜெர்மன் துரையின் மனைவி அவள். முப்பதுகளின் தொடக்கத்தில், மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என்னை அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் அவளுக்குத் தமிழ் சலித்துவிட்டது. "வேலைக்காரர்களிடம் பேசத்தானே இந்த மொழி? நீ என் மொழியைப் படி, அது போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மறுக்க வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். சொல்லிக்கொடுக்கப் போன நான் மாணவியானேன்.

அந்த மொழியில் கதவு பெண், மேசை ஆண், சிறுமியோ அஃறிணை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முன்னிலையில்தான் எங்களுக்குள் பகை முற்றியது. மரியாதைக்கு 'ஸீ', இல்லாவிட்டால் 'டு'. கடவுளையும் குழந்தைகளையும் நாய்களையும் மனதுக்கு நெருங்கியவர்களையும் 'டு' என்று அழைக்கலாம் என்றாள். துரையின் வெள்ளைக்காரக் குமாஸ்தாவை அவள் 'ஸீ' என்பாள். என்னை 'டு' என்பாள். இந்த நால்வரில் நான் யார் என்று கேட்டேன். அடிக்கோல் விழுந்தது.

டிசம்பரில் சவுக்குக் கிளைகளை வளையமாகக் கட்டி நான்கு மெழுகுவர்த்திகள் நட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அது அவர்கள் ஊர் வழக்கம். ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்று ஜெர்மன் பாட்டுப் பாட வேண்டும். அந்த ஞாயிறுகளில் என் சொந்தச் சபைக்கு என்னால் போக முடியவில்லை.

நான்காம் ஞாயிறன்று பங்களாவுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. காலையில் சமையல்காரி பொன்னம்மை அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "டீச்சரம்மா, பிள்ளைக்குக் காய்ச்ச அனலா கொதிக்குது. நான் வீட்டுக்குப் போயிட்டு வரட்டான்னு மதாம்மாட்ட கேளுங்க."

கேட்டேன். பட்டை மணக்கும் பிஸ்கோத்து மாவிலிருந்து மதாம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. இவர்களுக்கு விருந்து நாளில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், போகக் கூடாது என்று சொல், என்றாள் ஜெர்மனில்.

நான் பொன்னம்மையிடம் திரும்பி, "போவச் சொல்லுதா. நீ போ" என்றேன்.

மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள், அடுக்களையில் ஆளில்லை. அவர்கள் முன்னாலேயே மதாம்மா என்னிடம் விளக்கம் கேட்டாள். நான்தான் அனுப்பினேன், அந்தப் பிள்ளை கிடந்த கிடை உனக்குத் தெரியாது என்று ஜெர்மனில் சொன்னேன். 'டு' என்றே சொன்னேன். அவள் முகம் சிவந்தது. "திருத்திச் சொல்" என்றாள். அதே வாக்கியத்தை அதே 'டு'வுடன், வேற்றுமை ஒன்றும் பிசகாமல், நிதானமாக மறுபடியும் சொன்னேன். ஒன்பது மாதத்தில் நான் பிழையில்லாமல் பேசியது அன்றுதான். வெளியே போ என்றாள். மணலில் நடந்து வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மாதம் கழித்து இரணியல் சந்தையில் பொன்னம்மையைப் பார்த்தேன். மறுநாளே அவளையும் நிறுத்திவிட்டார்களாம். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பிள்ள பிழச்சிட்டு. எனக்குத்தான் சோலி போச்சு" என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "மதாம்மா போவாண்டாம்னுதான் பறஞ்சாளாமே. அத அப்படியே எங்கிட்ட சொன்னா என்ன? போணுமா, நிக்கணுமான்னு நான் பாத்திருப்பேன். அவளுக்கும் நான் மனுசி இல்ல. ஒங்களுக்கும் இல்ல."

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது, நாற்பத்தைந்து வருஷம் கழித்து, என் தம்பியின் பேத்தி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாள். தினமும் சாயங்காலம் என்னிடம் வந்து படிக்கிறாள். அடிக்கோல் இல்லாமல்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மதாம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனி மன்னிக்கவும் போவதில்லை. பொன்னம்மை என்னை மன்னித்தாளா என்று கேட்க, அவள் சாகும்வரை எனக்குத் தைரியம் வரவில்லை.