விசிறி மடிப்பு

சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிற யாருக்கும் பரதநாட்டியத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் மாமாவின் கட்சி. அம்மாவின் தம்பி அவர். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் நாட்டியாஞ்சலிக்கு வந்து இறங்கும் பெண்களை லாட்ஜிலிருந்து கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுவதில் அவருக்கு ஏறக்குறைய என் வயசளவு அனுபவம் இருந்தது. பூவும் நகையும் பட்டும் ஜரிகையுமாக நான்கு பேர் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, என் மடிப்பைக் கசக்கிவிட்டாய் என்று ஒருத்தியோடு ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டே வருவார்களாம். நாட்டியம் ஆடுகிறவர்களை வேறு எந்த உடுப்பிலும் மாமா பார்த்ததே இல்லை. நான் சொல்லப்போகிற கூத்துக்கு இதுதான் மூலகாரணம்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கடலூரில் செம்மண்டலத்தில் குடியிருந்தோம். டான்ஸ் கிளாசில் சேர்த்துவிடச் சொல்லி நான் ஒரு வருஷமாக நச்சரித்ததில் அம்மா ஒருவழியாக மசிந்து, திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் கிளாஸ் நடத்திய மிஸ்ஸைப் போய்ப் பார்த்தாள். விஜயதசமியன்று காலையில் சேர்த்துக்கொள்வதாக மிஸ் சொன்னார். ஆனால் ஒரு கண்டிப்பு.

"பாலியெஸ்டர், சில்க்கெல்லாம் வேணாங்க. காட்டன் பொடவையப் பாதியா வெட்டி, முட்டிக்குக் கீழ வர்ற மாதிரி கட்டி உடுங்க. அடியில பைஜாமா. வேர்வைய உறிஞ்சணும், கட்டுனா இடுப்புல அப்படியே நிக்கணும். டிரஸ் சரியில்லைன்னா சேத்துக்க மாட்டேன், அடுத்த விஜயதசமிக்குத்தான். போன வருசம் ரெண்டு பிள்ளைங்கள அனுப்பிட்டேன்."

அடுத்த விஜயதசமி! அதற்குள் நான் கிழவியாகிவிடுவேன் என்று தோன்றியது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மேல்தட்டில் இருந்ததெல்லாம் துவைத்துப் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடுகிற ரகம், தொட்டாலே வழுக்கும். கடைசியில் அடித்தட்டில், அந்துருண்டை வாசனையோடு கிடந்த ஒரு மஞ்சள் புடவையை எடுத்தாள். அரக்குக் கரை போட்ட நூல் புடவை. அதைப் பாயில் விரித்துத் தடவித் தடவிப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், கீழே வைத்தாள், அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எடுத்தாள். ஒரு புடவையை வெட்ட இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அடித்தட்டில் கிடந்ததைத்தானே வெட்டுகிறாள்! எனக்கு அந்த மஞ்சளும் பிடிக்கவில்லை, அந்துருண்டையும் பிடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தையல் மிஷினில் பாதிப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மாமாவின் குரல் கேட்டது. அம்மா சட்டென்று அந்தத் துணியைச் சுருட்டி மிஷின் அடியில் தள்ளி, மேலே ஒரு தலையணை உறையைப் போட்டு மூடினாள். அவளுக்கே அதைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்னா பாப்பா, டான்ஸ் கிளாசாமே? டிரஸ் எடுத்தாச்சா?" என்றார் மாமா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையணை உறையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எடுக்கலியா? அக்கா, நீ சும்மா கெட. சிதம்பரத்துல இல்லாத டான்ஸ் டிரஸ்ஸா? இப்பவே இட்டுக்கிணு போயி சாயந்திரம் கொண்டாந்து உட்டுடறேன்."

"மிஸ் காட்டன்தான்டா சொன்னாங்க" என்று அம்மா இழுத்தாள்.

"அவுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எத்தினி பேர நான் ஏத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வழக்கமாக மாமா ஒன்று சொன்னால் நான்கு சொல்லுகிற அம்மா அன்றைக்கு அதோடு விட்டுவிட்டதை நான் மாமாவின் வெற்றியாக எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

பஸ்ஸில் சிதம்பரம் போய் இறங்கி, ஸ்டாண்டில் விட்டிருந்த மாமாவின் ஆட்டோவில் ஏறிக்கொண்டோம். அதில் ஏறினால் நான் முதலில் பார்ப்பது, கண்ணாடிக்கு மேலே சாமி படங்களோடு மாமா மாட்டியிருந்த ஒரு போட்டோ. ஆட்டோ வாங்கிய அன்று பூசை போட்டபோது எடுத்தது. அம்மா வண்டியின் முன்விளக்குக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருப்பாள், முன்னால் வயிறு தள்ளிக்கொண்டிருக்கும். அந்த வயிற்றில் இருப்பது நான். "ஆட்டோவும் நீயும் ஒரே செட்டு" என்று மாமா சொல்லுவார். அதனால் அந்தப் போட்டோவில் நான் என்னைத் தவிர வேறு யாரையும் பார்த்தது கிடையாது.

கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் டான்ஸ் டிரஸ் மட்டுமே தைக்கிற டெய்லர் ஒருவர் இருந்தார். மாமாவுக்குப் பழக்கம். "கிளாசுக்கா, மேடைக்கா?" என்று கேட்டார்.

"டான்சுக்குப்பா" என்றார் மாமா.

டெய்லர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். அது என் அழகைப் பார்த்த சிரிப்பு என்று நம்பினேன். உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். கிளிப்பச்சைப் பட்டு, சிவப்பு ஜரிகைக் கரை. யாரோ அளவு கொடுத்த பெண், இவர் தைத்து முடிப்பதற்குள் வளர்ந்துவிட்டாளாம். எனக்கு ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. ஊக்குப் போட்டுப் பிடித்துவிட்டார். முன்னால் கால்களுக்கு நடுவே விசிறி மடிப்பு. "முட்டிய மடக்கி உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். படக்கென்று விசிறி விரிந்தது! எழுந்தேன், மூடிக்கொண்டது. மறுபடி உட்கார்ந்தேன், விரிந்தது. அந்தக் கடையில் நான் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கூடவே மாமா சலங்கையும் கேட்டார். "அது அவுங்க மிஸ் கையால வாங்கணும், நான் தர மாட்டேன்" என்று டெய்லர் மறுத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்திலாவது எங்களுக்கு மானம் தப்பியது.

விஜயதசமி காலையில் மாமா சிதம்பரத்திலிருந்து ஆட்டோவிலேயே வந்துவிட்டார். முந்தைய நாள் ஆயுத பூசைக்குக் கட்டிய வாழைக்கன்று இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பச்சைப் பட்டில், தலை நிறையப் பூவோடு, பின்சீட்டின் நடுவில் அசையாமல் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் ஒரு மஞ்சப்பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் வழியில் யார் பார்த்தாலும் அவர்கள் என்னைத்தான் பார்ப்பதாக எனக்குள் குதியாட்டம்.

மாடி ஏறினால், பதினைந்து பிள்ளைகள். எல்லாருக்கும் சாயம் போன நூல் புடவை, துணியைப் பெல்ட் மாதிரி இறுக்கிக் கட்டிய இடுப்பு. எல்லாத் தலையும் திரும்பியது.

"யாருக்கும்மா அரங்கேற்றம்?" என்றார் மிஸ். அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், உண்மையைச் சொல்கிறேன், இல்லை. பொறாமையில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல நாளில் பிள்ளையை வாசலோடு அனுப்ப வேண்டாம் என்று மிஸ் என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார். கழியைத் தட்டி, "அரைமண்டி" என்றார். உட்கார்ந்தேன். விசிறி விரிந்தது. ஆசையாகக் குனிந்து பார்த்தேன்.

"கண்ணு எங்க இருக்கு? நேராப் பாரு!"

தெய்யா தெய் என்று சொல்லும்போதும் குனிந்து பார்த்தேன். நேராகப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், ஆனால் விசிறி விரிகிறதே! மூன்றாவது தடவை மிஸ் கழியை வைத்துவிட்டார். அதற்குள் ஜரிகை அக்குளை அறுத்தது, வேர்வையில் பட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது, இடுப்பு ஊக்கு ஒன்று தெறித்து ஓடியது. ஒரு சுற்றுப் பெரிய டிரஸ் ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தது. கையால் பிடித்துக்கொண்டேன்.

"துணிய ஒரு கையில புடிச்சிக்கிட்டு அடவு போட முடியாதும்மா" என்றார் மிஸ், அம்மாவைப் பார்த்து. "மாத்துத்துணி இருக்கா? இல்லைன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கதவருகே மஞ்சப்பையோடு நின்றாள். மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொடுக்கவில்லை. ஏன் இந்த அம்மா இப்படி மரம் மாதிரி நிற்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "அம்மா!" என்று கத்திவிட்டேன்.

அவள் பைக்குள் கைவிட்டு அந்த மஞ்சள் பாதிப் புடவையை எடுத்தாள்.

கதவுக்குப் பின்னால் வைத்து எனக்குக் கட்டிவிட்டாள். இடுப்பில் ஒரு சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு. உட்கார்ந்தேன், எழுந்தேன், குதித்தேன்; அது அசையவில்லை. குனிந்து பார்க்கவும் அதில் ஒன்றும் இல்லை. "இப்ப வா" என்று மிஸ் முன்வரிசைக்குக் கூப்பிட்டார். தெய்யா தெய்! கால் வலிக்க வலிக்கத் தட்டினேன். மாடியே என்னால்தான் அதிர்கிறது என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியபோது மாமா அங்கே இல்லை.

கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பி வைத்து என்னையே கொஞ்சநேரம் பார்த்தார். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்த பொடவையோ" என்றார் மாமா, "கலரு ஜோராத்தான் எடுத்திருக்காங்க."

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்துவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது ஒண்ணுதாண்டா இருந்துது நூல்ல" என்றாள்.

"அது அம்மாவோட பழைய பொடவை மாமா" என்று நான் விளக்கினேன்.

"பழசுதான் பாப்பா. உன் வயசு" என்று சொல்லி மாமா வண்டியைக் கிளப்பினார்.

ஆட்டோ வாங்கிய அன்று அக்காவுக்கு மாமா எடுத்துக் கொடுத்த புடவை அது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. தெரிந்துகொள்ள யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் போட்டோ என் கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அதில் அம்மா கட்டியிருந்தது மஞ்சள் புடவை, அரக்குக் கரை. அதன் பாதியைக் கட்டிக்கொண்டு அந்தப் போட்டோவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த நான், மடியில் வைத்திருந்த பச்சைப் பட்டின் விசிறியை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தேன்.