ஏழு பங்கு வட்டம்

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் குடும்பத்துச் சொத்தை நான்தான் பாகம் பிரித்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாசில்தார் ஆபீசுக்கு எத்தனை முறை மனு போட்டும் சர்வேயர் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காததால் வந்த பதவி அது.

சொத்து என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு வட்டத் திடல், முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பண்ணையாளாக இருந்த தாத்தா கொடி பிடித்து, அடிபட்டு, லாக்கப்பில் கிடந்து வாங்கிய பட்டா. அவரோடு ஊர் ஆண்கள் எல்லோரும் உள்ளே இருந்தபோது, பண்ணையின் ஆட்கள் திடலைச் சுற்றி வேலி போட வந்தார்களாம். பத்து வயதுச் சின்ன அத்தை ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திடலின் நடுவில் உட்கார்ந்து மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குழந்தை என் அப்பா. வீட்டு விசேஷங்களில் பெரியப்பாக்கள் இந்தக் கதையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள்.

கணவர் இறந்த பிறகு சின்ன அத்தை அந்தத் திடலிலேயே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு ஆடுகளோடு இருந்தாள். தாத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

திடலின் நடுவில் ஒரு போர்க் குழாய்க்கிணறு இருந்தது. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும் என்பதால், போரிலிருந்து விளிம்புவரை கோடு இழுத்து, தோசையை வெட்டுவதுபோல் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சமமாக வெட்டுவது யார்? அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில், முதலமைச்சர் படம் போட்ட மூடியைத் திறந்தால், கணக்குப் பாடத்துக்கான ஒரு மென்பொருள் இருந்தது. வட்டத்தை வரைந்து, எத்தனை பங்கு என்று ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டு என்டர் தட்டினால் போதும், தானே வெட்டிவிடும். அக்கா கல்லூரிக்குப் போயிருக்கும் நேரத்தில் நான் அதில் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம திடல இதுல சமமா பிரிச்சு வையி பாப்பா" என்றார். எத்தனை பங்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

நான் விரல்விட்டு எண்ணினேன். நாலு பெரியப்பா, அப்பா, தரங்கம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெரிய அத்தை, சின்ன அத்தை. ஏழு.

ஒரு பங்குக்கு 51.43 டிகிரி வந்தது. அந்தப் புள்ளியும் அதன் வாலும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஏழு பங்குக்கும் ஏழு வண்ணம் அடித்து, கொட்டகை இருந்த பங்குக்கு மட்டும் மஞ்சள் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாக்கள் வந்து கூடினார்கள். சின்ன அத்தை முருங்கைக்கீரையோடு வந்திருந்தாள். நான் அவளைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அத்தை, இந்த மஞ்சள் ஒங்களுது."

"எனக்குமாடி?" என்றவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரையில் அந்த மஞ்சளை ஒற்றை விரலால் தொட்டாள்.

மூத்த பெரியப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா இது, புள்ள ஏழு போட்டு வச்சிருக்கு? பொம்பளைங்களுக்குத்தான் சீரு செஞ்சு அனுப்பியாச்சே."

"அஞ்சுன்னு மாத்து பாப்பா" என்றார் அப்பா.

மாற்றினேன். திரையில் எழுபத்திரண்டு என்று வந்து நின்றது. புள்ளியும் இல்லை, வாலும் இல்லை! நான் கைதட்டிக் குதித்தேன். "அத்தை, பாருங்க! இப்பதான் கணக்கு சுத்தமா வருது."

"நல்லாருக்குடி தங்கம்" என்றாள் அத்தை. பிறகு எதையோ யோசித்தவள்போல் கீரையை ஆய ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் திடலில் அளந்தோம். லேப்டாப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, குடையை விரித்துப் பிடித்து, நான் அடிக்கணக்கைப் படித்துச் சொன்னேன். போரிலிருந்து விளிம்புக்கு நூறு அடி. விளிம்பில் முளைக்கு முளை நூற்றுப் பதினேழரை அடி. பெரியப்பாக்கள் முளை அடித்தார்கள். அப்பா கயிறு பிடித்தார். மூன்றாவது கோடு நேராக அத்தையின் கொட்டகைக்குள் போயிற்று. அடுப்பை ஒதுக்கி, ஆட்டை வேறு இடத்தில் கட்டி, கயிறு போக வழிவிட்டவள் அத்தைதான். அறுப்பு முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். பங்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் அத்தை கேட்டாள்.

பிறகு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். "ஏண்டி, அன்னைக்கு ஏழு போட்டியே, அது அழிஞ்சே போயிடுச்சா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதில் எதுவுமே அழிந்துபோகாது என்று விளக்கினேன். "ஏழுன்னு போட்டா திரும்ப வந்துடும் அத்தை. ஒரு நொடிதான்." திடல் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.

அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நொடி வேலைதான். அதை ஏன் அங்கே ஒருவரும் செய்யச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. எழுபத்திரண்டு சரியாக வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.