சாமான் எடுத்தாச்சா

எங்கள் வீட்டில் துப்பாக்கிக்கு ‘சாமான்’ என்று பெயர். வைத்தது நான்தான்.

அண்ணன் மகள் குட்டிக்கு அப்போது ஐந்து வயது. டெக்சாஸில் பிறந்தவள். தமிழில் என்ன பேசினாலும் புரிந்துவிடும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ‘கன்’ என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வோம், ‘துப்பாக்கி’ என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். மறுநாள் கிண்டர்கார்டனில் போய் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள்.

“சாமான்னு சொல்லிடலாம்ணா. வீட்ல இருக்கிறது எல்லாமே சாமான்தானே, அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். “வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு? மெட்ராஸ்ல பஸ்ல நின்னு இந்த வார்த்தையச் சத்தமா சொல்லிப் பாரு, தெரியும்.”

அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னால் அண்ணன் தீபாவளிக்கு ஊசிவெடியைக்கூட ஊதுபத்தியை நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொளுத்துகிறவன். ஒருநாள் சாயங்காலம், அப்போது குடியிருந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒருவன் கார் கண்ணாடியைத் தட்டி, கத்தியைக் காட்டி, போனையும் ஆபீஸ் பையையும் வாங்கிக்கொண்டு போனான். குட்டி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அண்ணன் பல நாள் காரை விட்டு இறங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். ஆபீஸ் நண்பர்கள் சுடப் பழகும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று அவன் இரண்டு மாதம் இழுத்தான். நான் விடவில்லை. அதே ஊரில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறு அவன் வீட்டில்தான் சாப்பாடு. எதையாவது பிடித்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு எனக்கு வேறு பேச்சு கிடையாது. எந்தத் துப்பாக்கி எவ்வளவு எடை, எதற்கு என்ன குறை என்று ஒரு எக்செல் ஷீட்டே போட்டுக் கொடுத்தேன். கிரீன் கார்டு இருக்கிற அவன் வாங்கலாம், மாணவி விசாவில் இருக்கிற நான் தொடக்கூடாது என்பதுவரை படித்து வைத்திருந்தேன்.

துப்பாக்கி லைசென்ஸ் வகுப்புக்கும் அவனோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். கடைசிப் பத்து நிமிஷம் ஆசிரியர் வேறு மாநிலங்களைப் பற்றி ஏதோ சொன்னார். எல்லையைத் தாண்டினால் அது வேறு சட்டப் புத்தகம் என்ற மாதிரி. நான் அப்போது போனில் பக்கத்தில் எங்கே பிரியாணி கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் அண்ணனுக்குக் காட்டினேன். அவனும் குனிந்து பார்த்தான்.

படிப்பு முடிந்து எனக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்ட் பார்த்திருந்தேன். “தனியா அவ்வளவு தூரம் நீ ஓட்ட வேணாம்” என்று அண்ணன் லீவு போட்டான். என்னை இறக்கிவிட்டு, இரண்டு நாள் தங்கிவிட்டு, அதே வண்டியில் திரும்புவதாகத் திட்டம்.

கிளம்புகிற அன்று காலை அவனுக்கு அரைநாள் ஆபீஸ். நான் மூட்டைமுடிச்சுகளை ஏற்றட்டும் என்று பெரிய வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, அண்ணியின் சின்னக் காரில் போயிருந்தான். சாமான் பகலில் பெரிய வண்டியின் கிளவ் பாக்ஸில் இருக்கும். இரவில் வீட்டுக்குள் பெட்டகத்துக்கு வந்துவிடும். முந்தைய நாள் அது வீட்டுக்குள் வரவில்லை. என் வழியனுப்பு விருந்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள், மறந்துவிட்டான்.

ஆபீஸ் போன பிறகு அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மூன்று பேரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் அண்ணியிடம் கேட்பதாக நினைத்து இரண்டே வார்த்தை தட்டினான்.

“சாமான் எடுத்தாச்சா?”

நான் கராஜில் நின்றுகொண்டிருந்தேன். ரைஸ் குக்கர், இட்லிப் பாத்திரம், மூன்று பெட்டி, ஒரு மெத்தை, அண்ணி அரைத்துக் கொடுத்த குழம்புப் பொடி எல்லாவற்றையும் பின்சீட்டின் கூரை வரை அடைத்து, ஒரு இஞ்ச் இடம் விடாமல் முடித்திருந்தேன். பெருமையாக இருந்தது. போன் அடித்த இரண்டாவது நொடியில் பதில் போட்டேன்.

“எடுத்தாச்சுண்ணா!!!”

மாடியில் மீட்டிங்கில் இருந்த அண்ணி அதைப் பார்த்தார். அண்ணனே காலையில் எடுத்து வைத்திருப்பான், இவள் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆபீஸில் அண்ணன் பார்த்தான். அண்ணி எடுத்துவிட்டார், இவள் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். கேள்வி யாருக்கு என்று நான் பார்க்கவே இல்லை.

இரண்டரை நாள் ஓட்டினோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் இருந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அண்ணன் எனக்கு வேலைக்குச் சேர்வது பற்றி அறிவுரை சொல்வான், நான் அவன் ஓட்டுவதைப் பற்றி அறிவுரை சொல்வேன். “வாய மூடிட்டு மேப்பைப் பாருடி” என்பான். மலைப்பாதையில் மழை. ஒரு பெட்ரோல் பங்கில் அண்ணி கட்டிக் கொடுத்த புளியோதரையை வண்டி பானெட்டில் வைத்துச் சாப்பிட்டோம். அந்த இரண்டரை நாளும் அது என் முழங்காலுக்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், பிளெய்ன்ஸ்பரோ வந்துவிட்டது என்று போர்டு பார்த்து நான் கை தட்டிய கொஞ்ச நேரத்தில், பின்னால் போலீஸ் விளக்கு. பிரேக் லைட் ஒன்று எரியவில்லையாம். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்டார்.

“உள்ள இருக்கும் பாரு” என்றான் அண்ணன்.

நான் கிளவ் பாக்ஸைத் திறந்தேன். இன்ஷூரன்ஸ் பேப்பர் இருந்தது. அதன் மேல், கறுப்பு உறைக்குள், அது.

“அண்ணா. சாமான்.”

அவன் திரும்பிப் பார்த்தான். “எடுத்தாச்சுன்னு சொன்னியேடி” என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். உண்மையிலேயே கேட்கிற மாதிரி இருந்தது.

பிறகு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, உள்ளே துப்பாக்கி இருக்கிறது, டெக்சாஸ் லைசென்ஸ் வைத்திருக்கிறேன் என்று தானாகவே சொன்னான். காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம். நியூ ஜெர்சி பர்மிட் இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்டார். இல்லை என்றான். அவர் ஒரு கணம் ரோட்டைப் பார்த்தார். இது இங்கே செல்லாது சார் என்றார். விலங்கு மாட்டும்போது அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்:

“குட்டி கேட்டா, அப்பா மீட்டிங்ல இருக்காருன்னு சொல்லு.”

இரண்டு நாள் கழித்து, நிபந்தனைகளோடு வெளியே விட்டார்கள். வக்கீலின் அறையில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். டிரைவிங் லைசென்ஸ் ஐம்பது மாநிலத்திலும் செல்லும்போது இது மட்டும் ஏன் செல்லாது? அவர் அதைப் பலமுறை கேட்டவர் போலத் தலையாட்டினார். ஒவ்வொரு மாநிலமும் தன் பர்மிட்டைத் தானே கொடுக்கும். வெறுமனே கடந்து போகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. குண்டை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில், கைக்கெட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். கிளம்பின இடத்திலும் போய்ச் சேருகிற இடத்திலும் அதை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்க வேண்டும். எங்களுடையது குண்டோடு இருந்தது, பூட்டாமல் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடமே நியூ ஜெர்சி. தோற்றால் பரோல் இல்லாமல் மூன்றரை வருஷமாவது உள்ளே.

குடியேற்ற வக்கீல் சொன்னது அதைவிடச் சுருக்கமாக இருந்தது. ஒருநாள்கூட ஜெயிலில் இருக்காவிட்டாலும் சரி, துப்பாக்கி சம்பந்தமாக ஒரு குற்றத்தீர்ப்பு வந்தால் நாடு கடத்த அதுவே போதும். கார்டு கையில் வந்து ஐந்து வருஷமானவர்கள் நீதிபதியிடம் மன்னிக்கக் கேட்கலாம். அண்ணனுக்கு வந்து இரண்டு வருஷம்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. வெளி மாநிலத்துக்காரர், நேர்மையான மறதி என்று அரசு வக்கீல் ஒப்புக்கொண்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கண்காணிப்பில் இருந்து வழக்கை முடித்துக்கொள்ளலாம். “மறதிக்கு ஆதாரம் இருக்கிறதா?” என்று வக்கீல் கேட்டார். நான் துள்ளி எழுந்து போனை நீட்டினேன். இதோ, எடுத்தாச்சா என்று கேட்டிருக்கிறான், எடுத்தாச்சு என்று சொல்லியிருக்கிறேன்!

சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடமிருந்து பத்து நாளில் தாள் வந்தது. ‘ஹாஸ் த மெர்ச்சண்டைஸ் பீன் டேக்கன்?’ அதன் கீழே, ‘இட் ஹாஸ் பீன் டேக்கன்,’ மூன்று ஆச்சரியக்குறிகளோடு. கடத்தல்காரர்கள் பேசிக்கொண்ட மாதிரி இருந்தது.

வக்கீலுக்கு உட்கார்ந்து விளக்கினேன். குப்பையை எடுத்தாச்சு என்றால் அது வெளியே போய்விட்டது. குடையை எடுத்தாச்சு என்றால் அது கூடவே வருகிறது. இரண்டுக்கும் ஒரே வார்த்தை. எங்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

“நீங்கள் சொன்னது எந்த அர்த்தத்தில்?”

“ரைஸ் குக்கரைச் சொன்னேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் உண்மையைச் சொன்னால், அண்ணன் அன்று காலை துப்பாக்கியை நினைத்திருக்கிறான் என்று ஆகிறது. நினைத்தவன் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு மேல், ஒளிவுமறைவில்லாத குடும்பத்துக்குத் துப்பாக்கிக்கு ஏன் ஒரு ரகசியப் பெயர்? ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியக்கூடாது என்பதற்காக என்று எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டு அர்த்தமும் சாத்தியம் என்று ஒரு குறிப்பு எழுதினார். எட்டு மாதம் காத்திருந்தோம். அதற்குள் வழக்கு இருப்பது தெரிந்து அண்ணனை ஆபீஸில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பதில் வந்தது. கண்காணிப்புத் திட்டம் கிடையாது. சின்னக் குற்றச்சாட்டு ஒன்றை ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லாமல் நன்னடத்தைக் காலத்தோடு விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் வழக்கு விசாரணை.

“ஃபைட் பண்ணலாம்ணா” என்றேன். “நான் சாட்சி சொல்றேன். ஜூரிக்குப் புரியும்ணா, சத்தியமா புரியும்.”

“புரியலன்னா?” என்றான். “மூணரை வருஷம் உள்ள இருந்துட்டு, அப்புறமும் ஊருக்கு அனுப்பத்தான் போறாங்க. அப்ப குட்டிக்குப் பத்து வயசு ஆயிடும். இப்பவே போயிட்டா, அவளும் பின்னாடியே வந்துடலாம்.”

கையெழுத்துப் போட்டான். துப்பாக்கி என்ற வார்த்தை அந்தத் தாளில் இருந்தது.

கோர்ட்டும் குடியேற்ற ஆபீஸும் சம்மதித்த பிறகு, மார்ச் மாதம் சென்னைக்குக் கிளம்பினான். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். சாரி என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

“ஏய், நிறுத்து. எல்லாரும் பாக்கறாங்க” என்றான். “கேள்விய நான் ஒழுங்கா கேட்டிருக்கணும். இன்னும் ஒரு வார்த்தை தட்டியிருந்தா என் விரலா தேஞ்சிருக்கும்?” கொஞ்சம் கழித்து, “நீ கொஞ்சம் மெதுவா பதில் சொல்லப் பழகு. ஆபீஸ்லயும் இப்படித்தான் இருப்ப” என்றான். திட்டவே வராது அவனுக்கு. செக்யூரிட்டி வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

ஜூனில் பள்ளிக்கூடம் மூடியதும் அண்ணியும் குட்டியும் கிளம்பினார்கள். வீட்டைக் காலி செய்ய நான் டெக்சாஸுக்குப் போனேன். என்மேல் அண்ணி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என்னிடம் பேசுவதும் குறைந்துபோயிருந்தது. ஏழு பெட்டிக்குள் ஒரு வீட்டை அடைக்கிற வேலையில் பேச அதிகம் இல்லைதான்.

கடைசிநாள் வெளியே டாக்சி வந்து நின்றது. வாசலிலிருந்து அண்ணி கேட்டார்:

“சாமான் எல்லாம் எடுத்தாச்சா?”

கேட்டுவிட்டு அவரே நின்றுவிட்டது உள்ளே இருந்த எனக்குத் தெரிந்தது. ஏழு வயதுக் குட்டி என் சட்டையை இழுத்தாள். “அத்தை, அம்மா ஆஸ்க்ட் யூ சம்திங்.”

“தெரியும்டா. இரு, பாத்துட்டுச் சொல்றேன்.”

சமையலறை டிராயர்களைத் திறந்து பார்த்தேன். பாத்ரூம் அலமாரி, வாஷிங் மெஷின், கட்டில் இருந்த இடம். குட்டி பின்னாலேயே வந்து நான் திறந்ததை எல்லாம் மூடிக்கொண்டு வந்தாள். மாடியில் பெரிய படுக்கையறை அலமாரிக்குள் அந்தப் பெட்டகம் சுவரில் திருகி இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கையை விட்டு, பின்பக்கம் வரை தடவிப் பார்த்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

“வாட் வாஸ் இன் தேர்?” என்றாள் குட்டி.

“சாமான்” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அந்தக் கதவையும் மூடினாள். நான் மாடிப்படிக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்:

“வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல அண்ணி. கூட வர்றது ஏழு பெட்டி. எண்ணிட்டேன்.”