மஸீனா நிறுத்தச் சொல்லவில்லை

கண்டிக்கு அருகே அலவத்துகொடயில் மருந்துக்கடை நடத்திய மஸீனா, நோயாளிகளிடம் மருந்துக் குளிசையை நிறுத்தச் சொன்னவர் என்று பேசுகிறார்கள். அது தவறு. அவர் காலமான செய்தியை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். நான் மரண வீட்டுக்குப் போய்ச் சேருமுன் இந்தப் பேச்சு அங்கே வந்துவிட்டது. மறுத்துப் பேச அன்று எனக்குத் தெம்பிருக்கவில்லை.

என் கணவர் போன பிறகு எனக்கும் பிரஷர் என்றார்கள். புதிய குளிசை தொடங்கியதும் வறட்டு இருமல் பிடித்தது. கண்டியில் இருமினால் பனியைத்தான் குற்றம் சொல்வோம்; நானும் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். டொக்டர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லாதே என்றுதான் கொன்வென்டில் எங்களை வளர்த்தார்கள்.

“இருமல் எப்ப தொடங்கின, மிஸிஸ் நேசராஜா? குளிசைக்கு முந்தியா, பொறகா?” என்று, மருந்து வாங்கப் போனபோது மஸீனா கேட்டார்.

“பிறகுதான். இதையெல்லாம் டொக்டரிட்ட சொல்லுறதே?”

“அவருக்குச் சொல்லாம எனக்குச் சொல்லி என்ன செய்ய? சில பேருக்கு அந்தக் குளிசையால இருமல் வரும். நீங்களா விடவேணாம். போய்ச் சொல்லுங்க, மாத்தித் தருவாரு.”

மாற்றித் தந்தார். இருமல் மெல்ல நின்றது. கொத்தமல்லிக்கு அதில் பங்கில்லை.

இப்போதைய பேச்சுக்குக் காரணமான கம்பளை ஊர் வியாபாரி கடைக்கு வந்த அன்றும் நான் அங்கே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நோன்பு நெருங்கியிருந்தது. பிரஷர் குளிசை போட்டால் தலை சுற்றுகிறது, நோன்போடு எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்.

“நோன்புக்கு முந்தி டொக்டரைக் காணுங்க. நேரத்த அவர் மாத்தித் தரட்டும். நீங்களா விடப்பொடாது.”

“டொக்டர் ஏசுவாரே, தாத்தா,” என்றார் அவர். அக்காவை முஸ்லிம்கள் தாத்தா என்பார்கள்.

“ஏசட்டுமே. ஏச்சுக் கேட்டு பிரஷர் ஏறினா அதுக்கும் குளிசை ஈக்கிது.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். டொக்டரிடம் போகாமல், தானாகவே குளிசையை விட்டார். நோன்பு முடியுமுன் பாரிசவாதம் வந்தது, பேச்சும் போய்விட்டது. மஸீனாதான் நிறுத்தச் சொன்னார் என்று வீட்டார் குற்றம் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. “சிரிச்சாரு. வெளங்கிட்டு எண்டு நெனச்சிட்டேன்,” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு, சொன்னதைத் திருப்பிச் சொல்லாத எவரையும் அவர் கடையிலிருந்து போகவிட்டதில்லை.

“மஸீனா, நான் என்ன சின்னப்பிள்ளையோ?” என்று ஒருநாள் சினந்தேன்.

“இல்ல. சின்னப் புள்ளைக்கு ஒருதரம் சொன்னாப் போதும்.”

இன்று எந்தக் குளிசை என் உடம்பை என்ன செய்கிறது என்பதை, டொக்டர் கேட்குமுன்பே சொல்கிறேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தாலும் சொல்லி முடித்துவிட்டே எழும்புகிறேன். மஸீனாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

கடையை இப்போது மகள் நடத்துகிறார். தாயைப் பற்றிய பேச்சு அவர் காதிலும் விழுகிறது. நான் ஒருத்தி மறுத்தால் சிநேகிதியின் பரிவு என்பார்கள். எனவே மஸீனாவிடம் மருந்து வாங்கியவர்களைக் கேட்கிறேன்: அவர் உங்களைத் திருப்பிச் சொல்லவைத்தது என்ன? நிறுத்தச் சொன்னார் என்பவர்களும் எழுதலாம். தொலைபேசியில் வேண்டாம். உங்கள் பெயரை இட்டு, இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.