யூசுப் நபியின் சட்டை தைத்த நாட்கள்

சகோதரிகளே, கடலுக்குப் போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லையென்றால் வீடு என்ன பாடுபடும் என்று தெரிந்த உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

போன வருடம் கரையிலிருந்து கடல் பக்கம் கச்சான் காற்று பலமாக வீசிய நாட்களில் என் கணவர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் படகில் போனார். வர வேண்டிய நாளில் வரவில்லை. தேடிப் போன படகுகள் வெறுமனே திரும்பின. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தொழுகையில் நின்றால் ஓதுகிற சூரா பாதியில் மறந்துபோகும். துஆவுக்குக் கை ஏந்தினால் வார்த்தை வராது. எழும்பி வாசலுக்குப் போவேன். பிள்ளைகளைப் பார்க்கப் பயந்து திரும்பவும் வாசலுக்கே போவேன்.

என்னோடு தையல் வேலை செய்யும் ஸ்டெல்லா கல்முனைக் கிறிஸ்தவப் பெண். ஒருநாள் பை நிறைய மருதமுனைக் கைத்தறித் துண்டுகளோடு வந்தாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்புக்கு ஓடர் வந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பல நிறப் பட்டிகளை இணைக்க வேண்டும்.

“இந்தக் கட்டத்துக்கு யோசேப்பின் அங்கி எண்டு பேர்,” என்றாள்.

“எந்த யோசேப்பு?”

“உங்கட யூசுப் நபிதான். அவர்ர வாப்பா ஆசையாக் குடுத்த சட்டை.”

ஊசியை வாங்கினேன். மகனை ஓநாய் தின்றுவிட்டது என்று எல்லோரும் சொல்லியும் யூசுபின் வாப்பா யஃகூப் நபி நம்பிக்கையை விடவில்லை. அழுது அழுது கண்பார்வை போனபோதும் அல்லாஹ்விடமே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நினைப்பில் தைத்தேன். தையல் கோணியது. பிரித்தேன். மறுபடி தைத்தேன். “யா அல்லாஹ், அவருக்கு மகனைக் குடுத்தாய். எனக்கு இவரைத் தா.” வேறு துஆ எனக்கு வரவில்லை.

வாரங்கள் போன பின் கணவரின் மூத்த சகோதரர் வந்தார்.

“புள்ள, எவ்வளவு காலத்துக்கு இப்பிடி இரிக்கிற? மௌத்தாகிட்டார் எண்டு வச்சு அவர்ர பேருல குர்ஆன் கத்தம் ஓதுவம்.”

“பொறுங்க காக்கா. உறுதியாத் தெரியாம நான் விதவையா இத்தா இரிக்க மாட்டன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் சொன்னதுதான் உண்மையோ?

சில நாட்களின் பின், அஸர் தொழுதுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது.

“நான்தான் புள்ள. புள்ளைகள் சாப்பிட்டாங்களா?”

என் கணவரின் குரல். எஞ்சின் பழுதாகி, காற்று அவர்களை நடுக்கடலுக்கு இழுத்துப் போயிருக்கிறது. மழைத் தண்ணீரிலும் பச்சை மீனிலும் உயிர் பிழைத்தவர்களை ஒரு சரக்குக் கப்பல் காப்பாற்றி வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கியிருந்தது. நான் அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த ஸ்டெல்லா போனை வாங்கினாள்.

“ஓம், எல்லாரும் நல்லா இரிக்காங்க. நீங்க வந்து சேருங்க.”

நான் துணித் துண்டுகளுக்கு நடுவிலேயே நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழுந்தேன்.

மெலிந்து கறுத்து வந்து சேர்ந்தார். இப்போதும் கடலுக்குத்தான் போகிறார். நான் இப்போதும் பதறுகிறேன். ஆனால் முன்போல் தனியாகப் பதறுவதில்லை. படகு பிந்திய வீடு எது என்று கேட்டு, அங்கே போய் அந்தப் பெண்ணோடு இருக்கிறேன். திரும்பி வராதவர்களும் நம் கரையில் உண்டு. அவர்களின் மனைவிமார் கேட்ட துஆவில் குறை இருந்தது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மனம் அடங்கட்டும், பிறகு கேட்போம் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். வார்த்தை தடுமாறினாலும் கேளுங்கள். தடுமாறித்தான் நானும் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.